புள்ளிக்குப் பிறகு வந்த மாப்பிள்ளை

கணினிக்கு முன்னால் இருந்து நான் ஒரேயொரு முறைதான் அழுதிருக்கிறேன். அதையும் முழுதாக அழ முடியவில்லை. பாதியில் கோபம் வந்துவிட்டது. மல்லாவிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு பக்கம் உரக்கடையும் மறுபக்கம் சைக்கிள் திருத்துகிற கடையுமாக இருந்த கட்டடத்தின் நடு அறையில் மூன்று கணினிகளோடு ஒரு பயிற்சிக் கூடம் நடந்தது. நான் அதில் ஆசிரியை. போர் நின்றிருந்த சமாதான காலம் அது. பாதை திறந்து, கொழும்பிலிருந்து பிஸ்கற்றும் சீமெந்தும் வந்த வழியால் கணினியும் வந்திருந்தது. வவுனியாவில் ஆறு மாதம் படித்து எடுத்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் காட்டிய எடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. தெரியாது என்ற சொல்லை அந்த அறைக்குள் நான் பாவித்ததே இல்லை.

கூடத்தின் முதலாளி மலையகத்து மனிதர். அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர். இவர் அந்த வயலில் விளைந்ததைக் கொண்டு முதலில் டிராக்டர் வாங்கினார், பிறகு கணினி வாங்கினார். டிராக்டரின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். கணினியைத் தொடப் பயம், தொடாமல் இருக்கவும் முடியாது. நான் மற்றப் பக்கம் திரும்பியிருக்கிற நேரம் பார்த்து எதையாவது அமத்திப் பார்ப்பார். பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாசலில் போய் நிற்பார். அவர் வாசலில் நின்று றோட்டைப் பார்த்தால், உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்வேன்.

மல்லாவியில் அப்போது மின்சாரம் இல்லை. எங்கள் ஜெனரேற்றர் காலையில் மூன்று மணித்தியாலமும் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலமும் ஓடும். ஓடும் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நினைத்த நேரத்தில் அது நின்றுவிடும், அதுவரை அடித்த கடிதமெல்லாம் போய்விடும். அதனால் பிள்ளைகளுக்கு மவுஸைப் பிடிக்கப் பழக்குவதற்கு முன்பே 'சேவ்' பண்ணப் பழக்கினேன். இரண்டு வரி அடித்தால் ஒரு சேவ். இருமினால் ஒரு சேவ். ஜெனரேற்றரின் சத்தம் கொஞ்சம் மாறினாலே போதும், என் இடது கை என்னைக் கேட்காமல் அந்த இரண்டு விசைகளையும் அமத்திவிடும்.

அடுத்த பாடம் பாமினி. அந்தக் காலத்தில் தமிழில் அடித்த எந்தக் கடிதமும் இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, வாய்க்குள் நுழையாத ஒன்றாகத்தான் வரும். முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றினால் தமிழாகிவிடும். நிவாரண விண்ணப்பம், செத்தவீட்டு நினைவுக் கல்வெட்டு, பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டு அழைப்பிதழ், எல்லாவற்றுக்கும் இதுவே வைத்தியம். திரையில் விளங்காத எழுத்து வந்தால் எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். பாமினி போடுங்கோ என்பார்கள்.

இப்படியான நேரத்தில்தான் லண்டனிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அந்த வயதை அம்மா யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால், இருபத்தாறு நடக்குது என்பார். அது மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தமக்கையும் லண்டனில்தான் இருந்தார். சொந்தக்காரரைப் பார்க்க மல்லாவிக்கு வந்தவர், ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாதகம் முதலே பார்த்தாயிற்று. எழுபது வீதம் பொருத்தம் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தம்பி கொம்பியூட்டர் இன்ஜினியர்" என்றார் தமக்கை.

"எங்கடை பிள்ளையும் கொம்பியூட்டர்தானே" என்றார் அம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரேயொரு நிபந்தனைதான் இருந்தது. முகம் பார்க்காமல் ஓம் சொல்ல மாட்டேன். அதையும் மேலோட்டமாகப் பார்க்க மாட்டேன். என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி படத்தைப் பார்த்து ஓம் சொல்லி வெளிநாடு போனவள். அங்கே விமான நிலையத்தில் அவளைக் கூப்பிட வந்தவரைப் பார்த்து, மாப்பிள்ளையின் தகப்பன் வந்திருக்கிறார் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர்தான் மாப்பிள்ளை. படம்தான் பழசு.

தமக்கை கைப்பையைத் திறந்து ஒரு பிளொப்பியை எடுத்து என்னிடம் தந்தார்.

"கடதாசிப் படம் தரமாட்டனெண்டவன், பிள்ளை. இதுக்குள்ளை தன்ரை படம் இருக்காம். என்ரை வீட்டு மிசினிலை இது திறக்கேல்லை. உங்களுக்கெண்டால் திறக்கத் தெரியும்தானே."

"அதுக்கென்ன அக்கா" என்றேன் நான்.

வியாழக்கிழமை காலை மறுமொழி கேட்டுக்கொண்டு, அன்றைக்கே ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவருடைய வான் ஒழுங்கையால் திரும்பும் மட்டும் பார்த்து நின்ற அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வியாழனுக்கிடையிலை முகத்தைப் பார். பாத்துப்போட்டுப் பிடிக்கேல்லை எண்டால் சொல்லு, நான் விடுறன். ஆனா இது திறக்கேல்லை, அது தெரியேல்லை எண்டு இழுத்துக்கொண்டு நிண்டியோ, நானே ஓம் எண்டு சொல்லிப்போடுவன். சாதகம் பொருந்தினால் முகமும் பொருந்தும்."

அம்மா சொன்னால் செய்வார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் குளித்துவிட்டு வர, பிளொப்பி சாமிப்படத் தட்டில் இருந்தது. அதன் தகட்டில் சந்தனமும் அதற்கு மேல் குங்குமமும் அம்மா வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குள் புதிதாக வந்த எதுவும், சைக்கிளானாலும் தையல் மிசினானாலும், பொட்டு வைக்காமல் பாவனைக்கு வந்ததில்லை. அம்மாவைப் பொறுத்தவரை வந்திருப்பது பிளொப்பி அல்ல, மருமகன். செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குப் போனதும் பஞ்சும் கொலோனும் கொண்டு மருமகனைத் துடைத்து, காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

பாடம் முடிகிற நேரம் அம்மா வந்துவிட்டார். கோயிலுக்கு உடுக்கிற சேலை. கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார். பின்னால் ஆறு பிள்ளைகள், வீட்டுக்குப் போகிற எண்ணமே இல்லாமல். முதலாளி வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிளொப்பிக்குள் ஒரேயொரு கோப்பு. அதில் இரண்டு முறை அமத்தினேன். இது என்ன வகைக் கோப்பு என்று தெரியவில்லை, எதைக் கொண்டு திறக்க என்று கேட்டு, கணினி ஒரு பட்டியலைக் காட்டியது. எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆறு பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் முன்னால் அந்தச் சொல் எப்படி வரும்? வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் நாங்கள் வேர்ட்டில்தான் திறப்போம். ஆகவே வேர்ட் என்று கொடுத்தேன்.

திரை முழுக்கக் கிறுக்கல். கொம்பு வைத்த எழுத்து, குடை பிடித்த எழுத்து, கட்டம் கட்டமாக ஏதோ.

"என்ன பிள்ளை, கடிதமும் வைச்சிருக்கிறாரோ?" என்றார் அம்மா.

"பொறுங்கோ அம்மா, பாமினி போட வேணும்."

இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஒரு படத்தைப் பிடித்து, முழுவதையும் தெரிவு செய்து, எழுத்துருவை மாற்றினேன். பாமினி தன் வேலையைச் செய்தது. கிறுக்கல் எல்லாம் தமிழ் எழுத்தாகியது. நாற்பத்துச் சொச்சம் பக்கம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் வைத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"இதிலை மாடு எண்டு கிடக்கு."

பார்த்தேன். உண்மைதான். நாற்பது பக்கக் குப்பைக்குள் அந்த ஒரு சொல் மட்டும் துப்பரவாக இருந்தது.

"அவையள் லண்டனிலை மாடும் வைச்சிருக்கினமோ?"

"அங்க குளிருங்கம்மா, நம்ம மாடு தாங்காது" என்றார் முதலாளி, றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கத்து மாடு தாங்கும்."

இன்ஜினியர் உத்தியோகத்தோடு மாடும் இருக்கிறதென்றால் இன்னும் நல்லது என்று அம்மாவின் முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது. என் இடது கை தானாகச் சேவ் விசைகளுக்குப் போய்விட்டது. கணினி ஏதோ கேட்டது. வாசிக்காமலே ஓம் என்று அமத்தினேன். ஜெனரேற்றர் நிற்கவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்தால் படம் தப்பியிருக்கும்.

என்ன செய்துவிட்டேன் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. படத்தைக் கடிதம் என்று திறந்தது ஒரு பிழை. அதை மூடிவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. சேவ் பண்ணியதால் இனி அது கடிதமேதான். பிளொப்பிக்குள் இருந்த முகம் போய்விட்டது, மாடு மட்டும் இருந்தது. வேறு பிரதி இல்லை. எதையும் திறக்க முதல் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் இதே வாய்தான். கண் கலங்கியது. உடனே அம்மாவின் மீது கோபம் வந்தது, பிறகு மாட்டின் மீது, பிறகு புகையிலை வெயிலில் காய்கிற மாதிரி வாசலில் காய்ந்துகொண்டிருந்த முதலாளியின் மீது.

"இண்டைக்குச் சரிவராது. நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

"முகம் இனி என்னத்துக்கு" என்று எழுந்தார் அம்மா. "எழுத்தைப் பாத்தாலே தெரியுது, படிச்ச பிள்ளை." வியாழக்கிழமை வடைக்கு எவ்வளவு உளுந்து போட வேண்டும் என்ற யோசனையோடு அவர் போனார். நான் அன்று முழுக்க ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பார்க்காத ஒரு முகத்துக்கு அம்மா ஓம் சொல்லப் போகிறார், அதற்கு வழி விட்டதும் நான்தான்.

புதன்கிழமை நான் போகும்போதே முதலாளி வாசலில் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிப்பன். சொல்லுங்கோ."

"நேத்து நீங்க பாடம் நடத்துறப்ப அந்தப் பிளொப்பி மேசையில கெடந்துச்சு. மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு ஒரு தடவை பார்த்துருவோம்னு மூணாம் நம்பர் மிசின்ல போட்டேன். தெறக்கல. சரி, பொறவு பார்ப்போம்னு மிசினுக்குள்ள ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கேன்."

எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, ஏச வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். இருந்தது. தொடாத, சந்தனமும் பாமினியும் படாத படம். இந்த முறை முதல் வேலையாக மூன்று பிரதி எடுத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கோப்பின் பெயரை வாசித்தேன். நேற்று அதையும் நான் வாசிக்கவில்லை.

தகப்பன் பெயரின் முதலெழுத்து. ஒரு புள்ளி. பிறகு மாப்பிள்ளையின் பெயர்.

நாங்கள் எல்லாரும் பெயர் எழுதுகிற முறைதான். பள்ளிக்கூட வரவு இடாப்பிலிருந்து கல்யாண அழைப்புக் காட் வரைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் கணினிக்குப் புள்ளி என்றால் வேறு கணக்கு. கடைசிப் புள்ளிக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கோப்பின் வகை. படமென்றால் பெரும்பாலும் ஜேபிஜி என்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் எதைக் கொண்டு திறப்பது என்று கணினி முடிவெடுக்கும். இவர் கோப்புக்கு முதலில் இருந்த பெயரை அழித்துவிட்டு, மரியாதையாகத் தன் முழுப் பெயரையும் எழுதி அனுப்பியிருந்தார். கணினி அந்தப் பெயரை ஒரு கோப்பு வகை என்று நினைத்து, இப்படி ஒரு வகையைத் தனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான்தான் சொல்லவில்லை.

பெயருக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து ஜேபிஜி என்று எழுதினேன். திறந்தேன்.

மறுபடியும் கிறுக்கல். இந்த முறை வேர்ட்டில்கூட இல்லை, நோட்பேட்டில்.

அப்படியென்றால் இது ஜேபிஜி இல்லை என்று முடிவெடுத்தேன். இன்னொரு பட வகையான பிஎம்பி என்று மாற்றினேன். இதை வாசிக்க முடியாது என்றது. ஜிஃப் என்று மாற்றினேன். ஒரு வெறும் பெட்டி வந்தது. டிஃப் என்று மாற்றினேன், அதுவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஜெனரேற்றரை நிற்பாட்டினார்கள். இரண்டு மணிக்குத் தொடங்கியதும் மறுபடி முதலிலிருந்து. மாப்பிள்ளை மீது எனக்கு ஒருவித மரியாதையும் பயமும் வந்திருந்தது. இன்ஜினியர்மார் எங்களுக்குத் தெரியாத வகை ஏதோ பாவிக்கிறார்கள். ஆறு மாதச் சான்றிதழோடு நான் போய் அவருக்கு முன்னால் எப்படி நிற்பது?

மூன்றேகால் இருக்கும். என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் முதலாளி பக்கத்தில் வந்தார்.

"மனசு வுட்டுறாதீங்க டீச்சர். நம்ம டிராக்டர் படத்தைக் கொஞ்சம் பாருங்க. ஒரு தெம்பு வரும்."

வவுனியாவில் யாரோ எடுத்துக் கொடுத்த, மாலை போட்ட டிராக்டரின் படம் அது. அவருக்கு எந்தக் கவலைக்கும் அதுதான் மருந்து. எனக்குக் கோபம் வந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. டிராக்டரில் இரண்டு முறை அமத்தினேன்.

கிறுக்கல் வந்தது.

நான் டிராக்டரைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் நகரத் தொடங்கியிருந்தார்.

"நில்லுங்கோ. இதையும் தொட்டனீங்களோ?"

"இல்லீங்க. மாப்பிள்ளை தெறக்கலயேன்னு, நம்ம டிராக்டர் எப்படித் தெறக்குதுன்னு பார்க்க வலது பக்கத்தை அமத்தினேன். ஒரு லிஸ்ட் வந்துச்சு. நோட்பேட்னு இருந்துச்சு. நோட்டுப் புத்தகம்தானே, பிள்ளைங்க எழுதுறது, அதால என்ன கெடுதல் வரப்போவுதுன்னு அதைக் கொடுத்தேன். கீழ ஒரு சரி அடையாளம் இருந்துச்சு. சரின்னா நல்லதுதானேன்னு அதையும் வச்சேன்."

அந்தச் சரி அடையாளம்தான் சங்கதி. இனி எப்போதும் இப்படியே திற என்று அர்த்தம். அன்றையிலிருந்து மூன்றாம் கணினியில் எந்த ஜேபிஜியைத் தொட்டாலும், டிராக்டரோ மாப்பிள்ளையோ, நோட்பேட்டுக்குள் போய் விழும். காலையில் நான் முதல் தடவை செய்தது முழுக்கச் சரி. நான்கு மணித்தியாலமாக ஒரு சரியான விடையைப் பிழை என்று அழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஏசுவதற்கு நேரமில்லை. வலது பக்கத்தை அமத்தி, படம் பார்க்கிற மென்பொருளைத் தெரிவு செய்து, அதே சரி அடையாளத்தை நான் வைத்தேன். டிராக்டர் மாலையோடு வந்தது. முதலாளி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மாப்பிள்ளைக்குப் புள்ளி வைத்து ஜேபிஜி என்று எழுதி, திறந்தேன்.

தலையில் கடதாசித் தொப்பி. கழுத்திலிருந்து முழங்கால் மட்டும் சிவப்பு ஏப்ரன், அதில் எண்ணெய்க் கறை. கையில் இடுக்கி. பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சத்தில் அடுக்கி வைத்த பொரித்த கோழிக் கால்கள். நெற்றியில் வியர்வை. சிரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரிக்கத் தொடங்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

முதலாளி குனிந்து திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு வந்தார்.

"அங்க இன்ஜினியருங்களுக்கு இதுதான் யூனிபோமுங்களா?" என்றார் முதலாளி.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் எரிச்சல் வந்தது. இன்ஜினியராம். இந்தக் கோழிக்கடைக்காரருக்குப் பயந்தா மத்தியானம் முழுக்க வெந்தேன்? படத்தைத் துருவிப் பார்த்தேன். பின்சுவரில் கலண்டர் தொங்கியது. அந்த வருடத்துக் கலண்டர். பழைய படமும் இல்லை. முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. அப்போதுதான் நினைத்தேன். பெண் பார்க்கிற வீட்டுக்குப் படம் அனுப்புகிற மாப்பிள்ளைமாரை எனக்குத் தெரியும். யாருடையோ காரில் சாய்ந்து நிற்பார்கள், யாருடையோ கோட்டைப் போட்டிருப்பார்கள். இவர் கோழிக்கு முன்னால் நின்றிருக்கிறார். தமக்கை சொன்ன இன்ஜினியர் கதை இவருடையது இல்லை. அதை உடைக்கிறதுக்குத்தான் இந்தப் படத்தை வைத்திருக்கிறார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. எப்போது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அதோடு என்னையும் எனக்குப் பிடித்துவிட்டது. இன்ஜினியர் இல்லை என்று தெரிந்தும் ஓம் சொல்லப் போகிறேன், எவ்வளவு பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிரின்ரரில் கலர் மை இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து மடிக்காமல் கொண்டு போனேன்.

"முகம் தெரிஞ்சுதோ?" என்றார் அம்மா.

"தெரிஞ்சுது. நாளைக்குச் சொல்லுறன்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே தமக்கை வந்துவிட்டார். வான் வெளியே நின்றது. அம்மா வடையை வைத்தார். தமக்கை, தம்பி வேலை செய்கிற கந்தோர் பதினோராம் மாடியில் இருப்பதையும், ஜன்னலைத் திறக்க முடியாத அளவுக்குக் குளிரூட்டியிருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் கொண்டு போனேன். தட்டில் இரண்டு கோப்பை, அவற்றுக்கு நடுவில் அந்தப் படம். தமக்கை கோப்பையை எடுக்கக் கை நீட்டினார், எடுக்கவில்லை.

அம்மா படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது ஆர், சமையல்காரரோ?"

தமக்கை நீட்டிய கையை மடிக்கு எடுத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் பேச வேண்டியதை முதல்நாளே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, எனக்கு இன்ஜினியர் தேவையில்லை. இவர் உண்மையைக் காட்டியிருக்கிறார். எனக்கு அது காணும். நான் ஓம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். ஒரு கைதட்டல் மட்டும்தான் குறை.

"நல்ல கதை" என்று எழும்பினார் அம்மா. "கோழி பொரிக்கிறவருக்கோ, கம்பஸ் முடிச்ச பிள்ளையைக் குடுக்கிறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. பல்கலைக்கழக வாசலை நான் பஸ்ஸில் போகும்போதுகூடக் கண்டதில்லை.

"ஆரம்மா கம்பஸ் முடிச்சது?"

அம்மா வடைத் தட்டைப் பார்த்தார். "கதைக்குள்ளை வந்திட்டுது" என்றார் மெதுவாக.

என் நிமிர்வெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நேரமும் அவர்களுடைய பொய்யை மன்னிக்கிறேன் என்று நின்ற இடத்தில், எங்களுடைய பொய் வந்து நின்றது. தமக்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, நான் பள்ளிக்கூடத்திலை ஏஎல் மட்டும்தான் படிச்சனான். வவுனியாவிலை ஆறு மாதம் கொம்பியூட்டர் பழகினனான். அவ்வளவுதான். எனக்கு இருபத்தொன்பது வயது. இதை அவருக்குச் சொல்லுங்கோ."

தமக்கை படத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியும், பிள்ளை."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"அவனோடை வேலை செய்யிற ஒராள் மல்லாவி. மூண்டு மாதத்துக்கு முந்தியே எல்லாம் சொல்லிப்போட்டார். கம்பஸ் இல்லை, மூண்டு மிசினோடை பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவா எண்டு. வயதும் சொன்னவர். நான் உடனை உங்கடை அம்மாவோடை கதைக்கப் போறன் எண்டன். வேண்டாம், தாய்க்குச் சங்கடமாப் போம் எண்டு மறிச்சுப்போட்டான். கோட் போட்ட படம் ஒண்டு நான் எடுத்து வைச்சிருந்தனான். அதை வேண்டாமெண்டு, நானே ஒண்டு வைச்சுத் தாறன் எண்டவன்." படத்தை ஒருமுறை தடவினார். "இதை வைச்சிருக்கிறான்."

வெளியே வான்காரர் ஒரு முறை ஹோர்ன் அடித்தார். இரண்டு நாளாக நான் அவருடைய முகத்தைத் திறக்கப் பாடுபட்டு, கலண்டரைப் பார்த்து, கறையைப் பார்த்து, கடைசியில் மன்னித்தும் விட்டிருந்தேன். அவர் என் முகத்தையே காணாமல் மூன்று மாதத்துக்கு முன்பே எங்களை மன்னித்திருக்கிறார். அதை ஒருவருக்கும் சொல்லவும் இல்லை.

தமக்கை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப ஓம் எண்டு சொல்லட்டோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே சொன்ன ஓம் அங்கேதான் இருந்தது, பெரிய மனசு பண்ணிக் கொடுத்த ஓம். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"இல்லை அக்கா" என்றேன். "அவருக்கு இன்னும் விருப்பமோ எண்டு முதல் கேளுங்கோ."